சூசையின் மூக்கும் ராணி அக்காவின் சலவைத் தொட்டியும்

கடந்த மாதம் மகள் வீட்டில் சலவை இயந்திரம் வாங்கினார்கள். அதன் கழிவுத் தண்ணீர் போகும் குழாயைப் பூட்ட ஒரு பைப் வேலைக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்தார். பையிலிருந்து உள்ளங்கை அளவில் ஒரு சாமானை எடுத்துத் தரைத் துவாரத்தில் இறக்கினார். உள்ளே ரப்பர் நாக்கு. தண்ணீர் போகும்போது திறக்கும், போனதும் ஒட்டிக்கொள்ளும். குழியிலிருந்து நாற்றம் மேலே வராது. “குழாய் வளைவிலை தண்ணி நிக்கத் தேவையில்லையோ?” என்று கேட்டேன். “அதெல்லாம் பழைய முறை ஐயா” என்று சொல்லிவிட்டு, நான் தேநீர் கொண்டு வருவதற்குள் வேலையை முடித்துக் கையைக் கழுவிவிட்டார்.

எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை, நான் பொறாமைக்காரன். வவுனியாவில் வாழ்நாள் முழுவதும் பைப் வேலை செய்தேன். அதில் பெரும்பகுதியை இன்னொருவனைப் பார்த்து வயிறெரிந்தபடியேதான் செய்தேன். அந்த மோட்டார் சைக்கிள்காரர் போகும்போது, “அந்தக் காலத்திலை நாத்தம் எங்கையிருந்து வருது எண்டு எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?” என்று கேட்டார். மூக்கால் என்று சொன்னேன். அவர் சிரித்தார். சிரிக்க வேண்டிய கதைதான். ஆனால் அந்தக் கதையில் மூக்கு என்னுடையது, பெயர் வேறொருவனுடையது.

முதலில் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் முகம் கழுவும் இடம், குளிக்கும் இடம், உடுப்புத் தோய்க்கும் தொட்டி எல்லாவற்றின் தண்ணீரும் கடைசியில் ஒரு குழிக்குத்தான் போகும். குழியில் இருக்கும் வாயு அதே குழாய் வழியாக வீட்டுக்குள் ஏறி வரப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் ஒவ்வொரு துவாரத்துக்கும் கீழே குழாயை வளைத்து வைப்போம். அந்த வளைவில், நாங்கள் பென்ட் என்று சொல்லும் இடத்தில், எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். நிற்கிற அந்தக் கொஞ்சத் தண்ணீர்தான் கதவு. தண்ணீர் காய்ந்தாலோ, வேறு வழியாகப் போய்விட்டாலோ கதவு திறந்துவிடும். கோடையில் கிணறு வற்றி, பெண்கள் உடுப்பைத் தூக்கிக்கொண்டு குளத்துக்குப் போகத் தொடங்கினால் வீட்டுத் தொட்டியின் பென்ட் காயும், நாற்றம் வரும். அதற்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் போதும். மற்ற நாற்றங்களுக்குத்தான் எங்களைக் கூப்பிடுவார்கள்.

நான் நெடுங்கேணிப் பக்கத்துக்காரன். பத்தொன்பது வயதில் வவுனியாவுக்கு வந்து, கட்டட வேலை எடுத்துச் செய்யும் ஒரு கொன்றாக்டரிடம் சேர்ந்தேன். இரும்புக் குழாய் சுமந்தேன், புரி வெட்டப் பழகினேன், குழி வெட்டினேன், கை காய்த்தது. படித்த காலம் அவ்வளவுதான். உண்மையான பள்ளிக்கூடம் ஓவசியர் அம்பலவாணர் எங்களுக்கு மேலே வந்த பிறகுதான்.

அரசாங்க வேலையில் ஓவசியராக இருந்து ஓய்வு பெற்று, அதே கொன்றாக்டருக்கு மேற்பார்வை பார்க்க வந்தவர் அவர். மழைக்கும் வெயிலுக்கும் விரிக்காத ஒரு கறுப்புக் குடை வைத்திருப்பார். அதன் முனையால் தரையைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். வீட்டுக்குள் நுழைந்ததும் குழாயைப் பார்க்க மாட்டார். வீட்டுக்கார அம்மாவை ஒரு கதிரையில் இருக்கச் சொல்லி, தான் நின்றபடியே கேட்பார்: எப்போதிருந்து வருகிறது, எந்த நேரம் வருகிறது, முதலில் யாருக்கு மணந்தது. பதில் சொல்லி முடியும்வரை குறுக்கே பேச மாட்டார். யாருக்கும் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. பிழை செய்தால் செய்த இடத்தைக் குடையால் தொட்டுக் காட்டிவிட்டு நகர்ந்து போய்விடுவார். அது அடியைவிட வலிக்கும்.

அவருக்கு ஒரு குறை. ஓயாமல் மூக்குப்பொடி போடுவார். “என்ரை மூக்கு எப்பவோ செத்துப்போச்சு” என்று தானே சொல்வார். ஆகவே அவருக்கு இன்னொருவருடைய மூக்கு தேவைப்பட்டது.

அவர் கொண்டுவந்த சோதனை இதுதான். வீட்டின் கதவு ஜன்னல்களை எல்லாம் சாத்த வேண்டும். எல்லாப் பென்டுகளிலும் தண்ணீர் நிரப்ப வேண்டும். அதன் பிறகு வீட்டில் யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் புழங்கக் கூடாது. வெளியே குழிக்குப் போகிற வழியில் மூடி போட்ட சின்னத் தொட்டி ஒன்று இருக்கும். அதைத் திறந்து யூக்கலிப்டஸ் தைலத்தை ஊற்றி, மேலே கொதிதண்ணீரை ஊற்றி, ஈரச் சாக்கால் மூடிவிட வேண்டும். ஆவி குழாய்களுக்குள் ஏறும். எங்காவது ஓட்டை இருந்தால் வீட்டுக்குள் தைலம் மணக்கும். மணக்கிற இடம்தான் நாற்றம் வருகிற இடம். இதற்கு இரண்டு பேர் வேண்டும். தைலத்தைத் தொட்டவனின் கையிலும் சட்டையிலும் அது மணக்கும். அவன் உள்ளே வந்தால் வீடு முழுக்க மணக்கும்.

“ஊத்திறவன் மணக்கப்படாது. மணக்கிறவன் போத்தலைத் தொடப்படாது” என்பார் ஓவசியர். இந்தச் சட்டத்தை அவர் ஒருநாளும் மீறவில்லை.

சூசை வந்து சேர்ந்தது தொண்ணூறுகளின் நடுவில். முல்லைத்தீவுக் கரையில் கடல் தொழில் செய்தவன். இடம்பெயர்ந்து வந்து மனைவி பிள்ளைகளோடு வவுனியாவில் ஒரு கொட்டிலில் இருந்தான். என்னைவிட நாலைந்து வயது குறைவு. பைப் வேலை ஒன்றும் தெரியாது. வந்த முதல் நாளே ஓவசியர் அவனை மேலும் கீழும் பார்த்து, “நீர் கடல்லை நிண்ட ஆள். காத்தை அறிஞ்சிருப்பீர். நீர் உள்ளுக்குப் போய் மணந்து பாரும்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “தர்மலிங்கம், நீ ஊத்து” என்றார்.

அவனுக்கு ‘நீர்’, எனக்கு ‘நீ’. அந்த நாளிலிருந்து அவன் உள்ளே, நான் வெளியே. ஆடி வெயிலில் சாக்கைப் பிடித்துக்கொண்டு ஆவியில் கண் எரிய நான் நிற்பேன். உள்ளே சூசை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அறை அறையாக நடப்பான், வீட்டுக்காரர் வாய் பார்த்துக்கொண்டு பின்னால் போவார்கள். தைலம் பட்ட நான் சோதனை முடியும்வரை வாசலுக்குக்கூட வரக் கூடாது. அதைவிட ஒன்று: அவன் வீட்டுக்குள் நின்று பீடி பற்றுவான்! ஒவ்வொரு துவாரத்துக்குப் பக்கத்திலும் குந்தி, பீடியை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு யோசிப்பான். ஓவசியர் ஒன்றும் சொல்ல மாட்டார். நான் வேலி ஓரத்தில் நின்று ஒரு பீடியைப் பற்றினால் குடை முனை என் பக்கம் திரும்பும்.

அவன் பெயர் ஊரெல்லாம் பரவியது ஒரு ஆசிரியர் வீட்டில். வீடு முழுக்க நாற்றம், எலி செத்திருக்கிறது என்று சீலிங்கைக் கழற்றியும் பார்த்துவிட்டார்கள். சூசை உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில் படுக்கையறையில் இருந்த பெரிய அலுமாரியைத் தட்டி, “ஐயா, இதுக்குப் பின்னாலை” என்றான். ஆசிரியர் அங்கே ஒன்றுமில்லை என்று சத்தியம் செய்தார். அலுமாரியை நகர்த்தினால் தரையில் ஒரு பழைய துவாரம். முன்பு அந்த அறை குளிக்கும் அறையாம், வீட்டை வாங்கியவருக்கே தெரியாது. ஆசிரியர் சூசையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் மனைவி தட்டு நிறைய வடை கொண்டு வந்து வைத்தா. வேர்த்து வழிந்தபடி நான் வாசலில் வந்து நின்றபோது, “இவர்தானே வெளியிலை நிண்டவர்?” என்று கேட்டா. ஓம், நான்தான் வெளியில் நின்றவர்.

அதற்குப் பிறகு வேலைக்கு ஆள் கூப்பிட வருகிறவர்கள், “அந்த மூக்குக்காரத் தம்பி வருவாரோ?” என்றுதான் கேட்டார்கள். என் மனைவியும் சந்தையில் கேள்விப்பட்டு வந்து, “சூசைக்கு நல்ல மூக்காமே?” என்றா. எனக்கும் மூக்கு இருக்கிறது என்றேன். “உங்களுக்கோ? அடுப்பிலை சோறு கரிஞ்சாலும் தெரியாது” என்று சிரித்தா. அது அநியாயம். பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாதுதான். ஆனால் என் மூக்கு நல்ல மூக்கு. பக்கத்து வீட்டில் கருவாடு பொரித்தால் சூடையா நெத்தலியா என்று சொல்வேன். அதைச் சோதித்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

இப்படியிருக்கும்போது ஓவசியர் கொழும்பில் இருந்த மகளிடம் போகப் போவதாகச் செய்தி வந்தது. கொன்றாக்டர் எங்கள் எல்லாரையும் வைத்துக்கொண்டு, “இனி வேலையாக்களை மேற்பார்வை பாக்கிறதுக்கு ஓவசியர் ஐயா ஆரைச் சொல்லுறாரோ அவர்தான்” என்று சொல்லிவிட்டார். நான் மூத்தவன், எனக்குத்தான் வர வேண்டும். ஆனால் சூசைக்குத்தான் போகும் என்று எல்லாரும் கதைத்தார்கள். அந்தப் பொறுப்பு எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று இப்போது சொன்னால் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். ஒருநாளாவது அவனைப் பார்த்து ‘நீ ஊத்து’ என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அந்த நேரத்தில்தான் ராணி அக்காவின் வீட்டு வேலை வந்தது.

ராணி அக்கா ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் இருந்தா. கணவர் சங்கக்கடையில் மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், எல்லாரும் மனேஜர் ஐயா என்றுதான் சொல்வார்கள். வீட்டுச் செலவு ராணி அக்காவின் கையில் நடந்தது. ஆஸ்பத்திரி விடுதிகளில் இருந்த தாதிமாரின் வெள்ளை உடுப்புகளை எடுத்துத் தோய்த்து, கஞ்சி போட்டு, இஸ்திரிப்பெட்டியால் மினுக்கிக் கொடுப்பா. அதற்காக வீட்டின் பின்பக்கம் தூசு படாமல் ஓர் அறை அடைத்து, பெரிய சீமெந்துத் தொட்டி கட்டியிருந்தா. அந்த அறையில்தான் நாற்றம். சில நாள் வரும், சில நாள் வராது. வருகிற நாளில் காயப்போட்ட உடுப்பில் ஏறிவிடும்.

“நாலு நேர்ஸ்மார் வேறை ஆளிட்டைக் குடுக்கத் துடங்கிட்டினம். மிச்சப்பேரும் போனா நாங்கள் எப்பிடிச் சீவிக்கிறது?” என்று ஓவசியரிடம் சொன்னா. ஓவசியர் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். எப்போது வருகிறது என்று அவாவால் சரியாகச் சொல்ல முடியவில்லை. அந்த நாற்றத்துக்குள்ளேயே நாள் முழுக்க நின்று அவாவின் மூக்கும் பழகிவிட்டது. மற்றவர்கள் முகத்தைச் சுளித்தால்தான் அவாவுக்குத் தெரியும்.

ஓவசியர் மனேஜர் ஐயாவிடம், “குழிக்குக் காத்துக் குழாய் இருக்கோ?” என்று கேட்டார். குழியின் வாயு மேலே போகவும் வெளிக்காற்று குழாய்களுக்குள் வரவும் வைக்கிற உயரமான குழாய் அது. மனேஜர் ஐயா பின்மதில் பக்கம் கையைக் காட்டி, “அந்தா தெரியுது” என்றார். மதில் ஓரம் ஒரு குழாய் உயரமாக நின்றது. ஓவசியர் தலையாட்டினார்.

சூசை உள்ளே போய் வழக்கம்போல் பீடிக்கட்டை எடுத்தான். ராணி அக்கா பாய்ந்து வந்தா. “தம்பி, இஞ்சை வெள்ளை உடுப்புக் காயுது. பீடி கீடி பத்தக்கூடாது. அந்த மணமும் ஏறினா என்ரை கதை முடிஞ்சுது.” சூசை பீடியைச் சட்டைப் பையில் போட்டான். வெளியில் நின்ற எனக்கு அதைக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது. தைலத்தை ஊற்றிச் சாக்கை மூடினேன். நேரம் போனது. சூசை வெளியே வந்து, “ஒண்டுமில்லை ஐயா” என்றான். அவன் நெற்றியில் இருந்த வேர்வையை நான் பார்த்தேன், வெக்கை என்று நினைத்தேன்.

சூசையின் மூக்கு இல்லையென்று சொன்னால் இல்லைதான். ஓவசியர் குழாய் வீட்டுக்கு வெளியேதான் எங்கோ உடைந்திருக்கிறது என்று முடிவு செய்தார். அந்தக் காய்ந்த களிமண்ணை அலவாங்கால் கிண்டினோம். குழிவரைக்கும் குழாயை வெளியே எடுத்துப் பார்த்தோம். ஒரு வெடிப்பும் இல்லை. மண்ணைப் போட்டு மூடினோம். அடுத்த முறை உடுப்புத் தோய்த்த அன்றே நாற்றம் வந்தது, இன்னும் இரண்டு தாதிமார் போய்விட்டார்கள். திரும்பவும் சோதனை. திரும்பவும் சூசை, “ஒண்டுமில்லை ஐயா.” ராணி அக்கா அன்று எங்களுக்குத் தேநீர் தரவில்லை. கிண்டின முற்றத்தைப் பார்த்தபடி குசினி வாசலில் இருந்தா.

ஓவசியர் குடையை ஊன்றிக்கொண்டு பலா மர நிழலில் நின்றார். போகிற நேரத்தில் இப்படி ஒரு வேலை கையில் தங்கிவிட்டது அவருக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். நான் நேரம் பார்த்துப் போய்க் கேட்டேன்.

“ஐயா, இண்டைக்கு ஒருக்கா நான் மணந்து பாக்கிறன். சூசை ஊத்தட்டும்.”

அவர் பொடியை மூக்கில் வைத்துக்கொண்டு என்னை நெடுநேரம் பார்த்தார். “உன்ரை உடுப்பிலை தைலம் இருக்கே?”

“வீட்டை போய்க் குளிச்சு மாத்திக்கொண்டு வாறன்.”

“சரி, போட்டு வா” என்றார்.

சைக்கிளை அப்படி நான் ஒருநாளும் மிதித்ததில்லை. மூன்று முறை சவுக்காரம் போட்டுக் குளித்தேன். கல்யாணத்துக்குப் போகிற சட்டையைப் போட்டேன். எங்கே போகிறீர்கள் என்று மனைவி கேட்டா. மணக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உள்ளே போனதும் ராணி அக்காவிடம் ஒன்று சொன்னேன். சோதனை என்று ஒவ்வொரு முறையும் அவாவைத் தண்ணீர் புழங்காமல் தடுத்து வைத்திருந்தோம். நாற்றமோ தோய்க்கிற நாளில்தான் வருகிறது. “அக்கா, நீங்கள் எப்பவும் தோய்க்கிற மாதிரித் தோயுங்கோ. தொட்டித் தண்ணியை எப்பிடி விடுறனீங்களோ அப்பிடியே விடுங்கோ. விட்டிட்டு வெளியிலை போங்கோ” என்றேன். அவா தொட்டியை நிரப்பித் தோய்த்து, அடியில் இருந்த அடைப்பை ஒரே இழுவையாக இழுத்தா. தொட்டித் தண்ணீர் முழுவதும் சுழன்று இறங்கியது. கடைசியில் துவாரம் பெரிதாக ஒரு மிடறு விழுங்கியது. அதற்குப் பிறகும் குழாய்க்குள் இழுக்கிற சத்தம் கேட்டது. வளைவில் நிற்க வேண்டிய தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிற சத்தம் அது. ராணி அக்கா வெளியே போனா. நான் கதவைச் சாத்திவிட்டு, “ஊத்து!” என்று சூசைக்குக் கத்தினேன். அந்தச் சொல்லைச் சொன்னபோது எவ்வளவு இனிமையாக இருந்தது தெரியுமா?

துவாரத்துக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து காத்திருந்தேன். மணம் வந்தது. மெல்ல வரவில்லை, முகத்தில் அடித்தது. ஆனால் அது தைலம் இல்லை, மண்ணெண்ணெய்.

எங்கள் பையில் இரண்டு பழுப்புக் கண்ணாடிப் போத்தல்கள் இருக்கும். ஒன்றில் யூக்கலிப்டஸ். மற்றதில் துருப்பிடித்த நட்டுகளை இளக்க மண்ணெண்ணெய். இரண்டும் ஒரே மாதிரிப் போத்தல், ஒரே மாதிரித் துணி அடைப்பு. அடையாளம் ஒட்ட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, திறந்தால் மணக்குமே. இவ்வளவு காலமும் ஊற்றியது நான். சூசை இன்றுதான் போத்தலைத் தொடுகிறான். முன்னால் இருந்ததை எடுத்திருக்கிறான், திறந்திருக்கிறான், அவ்வளவையும் ஊற்றியிருக்கிறான், அதன் மேல் கொதிதண்ணீரும் ஊற்றிவிட்டு அந்த ஆவிக்குள்ளேயே நிற்கிறான். மூக்கு இருக்கிற எந்த மனிதனும் அப்படி நிற்க மாட்டான். எங்கள் மூக்குக்காரத் தம்பிக்கு மூக்கே இல்லை.

வெளியிலிருந்து ஓவசியர் கேட்டார்: “தர்மலிங்கம், வருதோ?”

“வருது ஐயா.”

“என்ன மணம்?”

ஒரு சொல் போதும். மண்ணெண்ணெய் என்று சொன்னால் சூசையின் பெயர் அந்த முற்றத்திலேயே முடிந்துவிடும், பொறுப்பு எனக்குத்தான். நான் நல்லவன் என்று காட்ட இதை எழுதவில்லை. அந்த நிமிடத்தில் எனக்குள் ஓடிய கணக்கு இதுதான்: சூசையின் மூக்கால் முடியாததை என் மூக்கு செய்திருக்கிறது. இதை ஊர் அறிய வேண்டும். அவனுக்கு மூக்கே இல்லை என்று தெரிந்தால் நான் வென்றது எதை? மூக்கில்லாதவனை வென்றவன் என்று சொல்லி யார் கையைக் குலுக்கப் போகிறார்கள்? சூசையை வெல்ல வேண்டுமானால் சூசைக்கு மூக்கு இருந்தாக வேண்டும்.

“தைலம்தான் ஐயா. நல்லாய் வருது” என்று கத்தினேன். உடனே ஜன்னலைத் திறந்து, நாலைந்து வாளி தண்ணீரைத் துவாரத்தில் ஊற்றினேன். ராணி அக்கா உள்ளே வந்து, “என்ன, மண்ணெண்ணை மணக்குதோ?” என்று மூக்கைச் சுருக்கினா. “என்ரை கையிலை பட்டுட்டுது அக்கா, சைக்கிள் செயினைத் துடைச்சனான்” என்றேன். காய்ந்த உடுப்பையெல்லாம் அவசரமாக வெளியே கொண்டு போய்ப் போட்டோம்.

மிச்சம் லேசான வேலை. அவ்வளவு தண்ணீர் ஒரேயடியாக இறங்கும்போது பின்னாலிருந்து காற்று வந்தால் பென்டில் தண்ணீர் நிற்கும். காற்று வராததால்தான் இழுபட்டுப் போகிறது. அப்படியென்றால் மதில் ஓரத்தில் நிற்கிற குழாய்? நான் மதிலில் ஏறி எட்டிப் பார்த்தேன். அது பக்கத்து வீட்டுக் குழிக்குப் போகிற குழாய்.

“மனேஜர் ஐயா, உங்கட குழாய் எங்கை?” என்று கேட்டேன்.

அவர் ராணி அக்காவைப் பார்த்தார். ராணி அக்கா முற்றத்து உடுப்புக் கொடியைப் பார்த்தா. வீட்டு உடுப்புக் காயும் அந்தக் கொடியை நடுவில் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்ற உயரமான சாம்பல் நிறக் கம்பு, அதுதான் குழாய். இத்தனை நாளும் நாங்கள் எங்கள் சட்டைகளைக் கழற்றி அதில்தான் மாட்டியிருந்தோம்.

மனேஜர் ஐயா தாழ்ந்த குரலில் சொன்னார். “போன வரியம் ஆமிக்காரங்கள் வீடு வீடாய்ச் செக் பண்ண வந்தவங்கள். ஒருத்தன் அந்தக் குழாயை அண்ணாந்து பாத்து என்னவோ கேட்டான். எனக்குச் சிங்களம் வராது. அவன் நிண்டு நிண்டு பாத்திட்டுப் போட்டான். வயர்லெஸ் ஏரியல் எண்டு நினைச்சிட்டான் எண்டால்? அண்டைக்கே அறுத்துப்போட்டு, வாயைச் சீமெந்தாலை பூசிட்டன். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சிங்களம் தெரியும், அவரிட்டைக் கேட்டாச் சொல்லுவார், தன்ரை பாட்டிலை வைச்சிருக்கிறார்.”

“நான் கேக்கேக்கை இருக்கு எண்டு காட்டினீங்களே” என்றார் ஓவசியர்.

“அறுத்தனான் எண்டு சொன்னா ஏன் அறுத்தது எண்டு கதை வருமே ஐயா” என்றார் அவர். அந்த நாட்களில் அதற்கு மேல் யாரும் யாரையும் கேட்கமாட்டார்கள். ஓவசியரும் கேட்கவில்லை. குழாயைத் திரும்பவும் பூட்டினோம். ஆனால் மனேஜர் ஐயா கேட்டுக்கொண்டபடி, தெருவுக்குத் தெரியாமல், பலா மரத்தின் அடியோடு சேர்த்துக் கட்டி இலைகளுக்குள் ஏற்றிவிட்டோம். ராணி அக்கா தொட்டியை நிரப்பி அடைப்பை இழுத்தா. தண்ணீர் போனது, துவாரம் விழுங்கவில்லை, பென்டில் தண்ணீர் பளபளத்தது. அவா என் இரண்டு கையையும் பிடித்து, “தம்பி, உங்கட மூக்குக்குப் பொன்னாலை கவசம் போட வேணும்” என்றா. சூசை கேட்டுக்கொண்டு நின்றான். வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான் நான் எவனைப் பார்த்தும் பொறாமைப்படவில்லை.

திரும்பும் வழியில் தெருக்குழாயில் கை கழுவும்போது சூசையிடம் கேட்டேன். “நீ ஊத்தினது என்ன தெரியுமோ?”

“தைலம்.”

“மண்ணெண்ணை.”

அவன் கையை மூக்குக்குக் கொண்டு போனான். பிறகு இறக்கினான்.

“எப்ப துடக்கம்?” என்றேன்.

“இடம்பெயரேக்கை அண்ணை. உழவு மிசின் பெட்டியிலை சாமானுக்கு மேலை இருந்தனான். பள்ளத்திலை விழுத்திப் பின்மண்டையிலை அடி. எழும்பினாப் பிறகு ஒரு மணமும் இல்லை. மீன் பழுதோ எண்டுகூட மனிசியிட்டைத்தான் கேக்கிறனான்.”

“அப்ப அந்த அலுமாரி?”

“பீடிப் புகை. கடல்லை காத்துப் பாக்கிற மாதிரித்தான். துவாரத்திலை காத்து வந்தாப் புகை தள்ளும். பிறகு வீட்டுக்காரற்றை மூஞ்சையைப் பாப்பன். இஞ்சை பீடியும் பத்த விடேல்லை, அந்த அக்காவின்ரை மூஞ்சையிலையும் ஒண்டும் தெரியேல்லை.” குழாயை மூடிவிட்டுச் சொன்னான்: “முதல் நாளே உள்ளுக்குப் போம் எண்டு சொல்லிப்போட்டார். எனக்கு வேலை வேணுமே அண்ணை. பிறகு சொல்ல ஏலாமல் போச்சு. நீங்கள் ஏன் தைலம் எண்டு சொன்னனீங்கள்?”

“வாயிலை வந்தது” என்றேன். அவன் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். இது நல்ல மனம் இல்லையடா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. மூக்கு இல்லாமலே அலுமாரிக்குப் பின்னால் இருந்த துவாரத்தைக் கண்டுபிடித்தவன்! எனக்கு முன்பைவிட இரண்டு மடங்கு எரிந்தது.

அடுத்த நாள் ஓவசியர் எங்கள் இருவரையும் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த தேநீர்க் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் கல்யாணச் சட்டையைத்தான் போட்டிருந்தேன். அவர் பொடி டப்பியைத் திறந்து மூடிவிட்டு, “இனிச் சூசை ஆக்களைப் பாப்பார்” என்றார்.

“ஐயா, ராணி அக்கா வீட்டு வேலை…” என்றேன்.

“நீதான் கண்டுபிடிச்சாய். இல்லையெண்டு சொல்லேல்லை” என்றார். “நேற்றுப் பின்னேரம் சூசை வீட்டை வந்தவர். தனக்கு மூக்கு வேலை செய்யிறேல்லையாம், தான் ஊத்தினது மண்ணெண்ணையாம், எல்லாத்தையும் தானே சொன்னார். தர்மலிங்கம் அண்ணை என்னைக் காட்டிக் குடுக்கேல்லை, பொறுப்பை அவருக்குக் குடுங்கோ எண்டு கெஞ்சினார். விடிய விடிய யோசிச்சன். ஒருத்தர் தன்ரை வேலை போனாலும் பரவாயில்லை எண்டு உண்மையைச் சொல்லுறார். நீ சோதனையிலை மண்ணெண்ணையை மணந்துபோட்டுத் தைலம் எண்டு சொல்லுறாய். நல்ல மனசோடைதான் சொன்னாய். நாளைக்கு இன்னொரு வீட்டிலை இன்னொருத்தருக்காக நல்ல மனசு வந்தா, நான் போனாப் பிறகு கொன்றாக்டர் உன்ரை சொல்லை எப்பிடி நம்புறது?”

நல்ல மனசு இல்லை ஐயா, பொறாமை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மட்டும் யார் நம்பப் போகிறார்கள்? வாழ்நாளில் ஒரே ஒரு தரம் பெரிய மனுசன் வேலை ஒன்று செய்தேன், அதையும் தெரியாத்தனமாகச் செய்தேன். சூசை அதைத் தூக்கிக்கொண்டு போய் அதைவிடப் பெரிய வேலை ஒன்றைச் செய்து வைத்திருக்கிறான்.

ஓவசியர் எழுந்து போனார். சூசை மேசையைப் பார்த்தபடி இருந்தான்.

“அண்ணை, உங்களுக்குத்தான் கேட்டனான்.”

“தெரியும்.”

“நாளைக்கு எத்தினை மணிக்கு வாறது எண்டு சொல்லுங்கோ.”

“நீதான் சொல்ல வேணும்” என்றேன்.

அவன் மெல்லிய குரலில், “ஏழு மணிக்கு வருவமோ?” என்று கேட்டான்.

வேலையிலாவது அவனை முந்த வேண்டும் என்று மறுநாள் நான் ஆறு மணிக்கே போனேன். சூசை எனக்கு முன்னமே வந்து, சாமான் அறையின் கதவைத் திறந்து, கூட்டிக்கொண்டிருந்தான்.